பிரபாவதி தலைக்கட்டு

எனக்கு முன்கோபம் ஜாஸ்தி. ஜெராக்ஸ் கடைக்காரனுக்கு ஆகாத குணம்தான், என்ன செய்ய? திருத்தணி தாலுகா ஆபீசுக்கு எதிர்வரிசையில் கடை. காலையில் ஷட்டரைத் தூக்கினால் ஆதார் கார்டு, பட்டா, சாதிச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ் என்று சுற்றுவட்டாரத்துக் காகிதமெல்லாம் என் மிஷின் கண்ணாடியில் குப்புறப் படுத்து எழுந்து போகும். “ரெண்டு பக்கமும் எடுக்கணும்னா மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?” என்று ஒரு நாளைக்கு நாற்பது பேரிடமாவது எரிந்து விழுவேன். மலையில் மொட்டை போட்டுக்கொண்டு, தலையில் சந்தனம் காயாமல் வந்து நிற்கிறவர்களிடமும் விழுவேன். முருகன் மன்னித்துக்கொள்வான்.

பிரபாவதியிடம் மட்டும் அது பலிக்காது. நான் ஒன்று சொன்னால் அவள் இரண்டு சொல்வாள், அதுவும் சிரித்துக்கொண்டே. அவளும் நானும் ஒரே ஊர். கே.ஜி.கண்டிகை தாண்டி உள்ளே போகிற நாகமேட்டுக் கண்டிகை. அவள் புருஷன் தங்கவேல் எனக்கு மச்சான் முறை. அதனால் அவளுக்கு நான் அண்ணன். தங்கவேல் கரும்பு லோடு டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தான். நல்ல மனுஷன். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், சாப்பிட்ட கையைக் கழுவப் போனவன் குழாயடியிலேயே சாய்ந்துவிட்டான். நாற்பத்தி நாலு வயசு. மாரடைப்பு என்றார்கள்.

அவள் அழுது முடித்த கையோடு எழுந்துவிட்டாள். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவி வேலை கிடைத்தது. ஒரே மகள் மோகனப்ரியாவை நர்சிங் சேர்த்தாள். மகள் ஹாஸ்டலுக்குப் போன வருஷம், இவள் தபால் வழியில் பி.ஏ. வரலாறு சேர்ந்துவிட்டாள். ப்ளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியும் பத்தொன்பது வயசில் கட்டிக்கொடுத்துவிட்டார்களே என்கிற ஆத்திரம் அவளுக்கு உள்ளேயே கிடந்திருக்கிறது. எனக்கெங்கே தெரியும்?

“வரலாறு எதுக்கும்மா? வேற ஒண்ணும் கெடைக்கலியா?” என்று கேட்டேன்.

“அதுலதாண்ணா கணக்குப் பாடம் இல்ல” என்றாள்.

சனிக்கிழமைகளில் கிளை நூலகத்திலிருந்து தடித் தடிப் புத்தகமாகக் கொண்டுவருவாள். பரீட்சைக்கு வேண்டிய பக்கங்களைக் காப்பி எடுக்க வேண்டும். மிஷின் ஓடுகிற நேரத்தில் பக்கத்தில் நின்று, வந்து விழும் தாளைச் சுடச்சுட எடுத்துப் படிப்பாள். படிப்பது மட்டுமா? எனக்கும் சொல்வாள். கடைக்கு வந்தவர்கள் பாதி பேர் பிரெஞ்சுப் புரட்சி கேட்டுவிட்டுத்தான் ரேஷன் கார்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.

போன ஆனி மாசம் ஒரு சனிக்கிழமை. நல்ல கூட்டம். இவள் ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு திடீரென்று சிரிக்க ஆரம்பித்தாள். சாதாரணச் சிரிப்பு இல்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

“இன்னாம்மா, காமெடியா போட்டுக்கீறான்?”

“நம்ம ஊரைப் பத்தி எழுதிக்கீறாங்கண்ணா!”

வாங்கிப் பார்த்தேன். பிரான்ஸ் தேசத்தில் ராஜா சபையைக் கூட்டினானாம். குருமார் ஒரு கட்சி, பிரபுக்கள் ஒரு கட்சி, உழுகிறவன் நெய்கிறவன் கடைவைத்தவன் எல்லாரும் சேர்ந்து மூணாவது கட்சி. கட்சிக்கு ஒரு ஓட்டு. முதல் இரண்டு கட்சியிலும் ஒரு பிடி ஜனம்தான், ஆனால் ஓட்டு இரண்டு. மூணாவதில் தேசமே இருக்கிறது, ஓட்டு ஒன்று. “கட்சிக்கு எண்ணாதே, ஆளுக்கு எண்ணு” என்று இவர்கள் கேட்டிருக்கிறார்கள். அங்கே பிடித்த நெருப்புதான் ராஜாவின் கழுத்துவரை போனது.

“இதுல நம்ம ஊரு எங்க கீது?”

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு என் கம்ப்யூட்டரைக் காட்டினாள். “அதோ, அதுக்குள்ள கீது. நீதான வெச்சிகினு கீற?”

எனக்குச் சுருக்கென்றது. அது என்னவென்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊரில் ஆடி மாசம் கெங்கையம்மன் ஜாத்திரை. அதற்குத் தலைக்கட்டு வரி போடுவார்கள். கல்யாணமாகித் தனிக்குடித்தனம் இருக்கிற ஆம்பளை ஒரு தலைக்கட்டு. அவன் வரி கொடுப்பான், ஊர்க்கூட்டத்தில் கை தூக்குவான், ஜாத்திரையன்று காலை அவன் வீட்டு வாசலில் அம்மன் கரகம் நிற்கும். அவன் செத்துப்போய், கல்யாணமான மகன் இல்லையென்றால் அந்தத் தலைக்கட்டு அதோடு முடிந்தது. பெண்டாட்டி பேருக்கு வராது. அவளிடம் வரி கேட்க மாட்டார்கள், கூட்டத்துக்குக் கூப்பிட மாட்டார்கள், கரகம் அந்த வாசலில் நிற்காது. கேட்டால், “பாவம், புருஷன் இல்லாதவகிட்டப் போயி வரி வாங்கறதா?” என்பார்கள். இதைக் கருணை என்றே எல்லாரும் நினைத்திருந்தோம். நானும்தான்.

அந்தப் பட்டியலைக் கம்ப்யூட்டரில் வைத்திருப்பவன் நான். வருஷா வருஷம் போன வருஷத்து ஃபைலைத் திறப்பேன், செத்தவன் பேரை அழிப்பேன், புதுசாய்க் கல்யாணமானவன் பேரைச் சேர்ப்பேன், பிரிண்ட் எடுப்பேன். ஜாத்திரையன்று கரகத்துக்கு முன்னால் மைக்கைப் பிடித்து, வீட்டுக்கு வீடு பேர் கூப்பிடுகிறவனும் நானேதான். நான் கூப்பிட்டால் பம்பை நிற்கும், பூசாரி சுந்தரமூர்த்தி நிற்பார், அந்த வீட்டார் கற்பூரம் காட்டுவார்கள், கரகம் நகரும். பேர் சொல்லிப் பம்பை நின்றுவிட்டால், அந்த வீட்டுக் கற்பூரம் எரிந்தால்தான் கரகம் அடுத்த அடி எடுத்துவைக்கும். இதில் மாற்றமே கிடையாது. ஒரு வருஷம் ஒருத்தன் கற்பூரம் வாங்க மறந்து கடைக்கு ஓடினான். அவன் திரும்பி வரும்வரை ஊர் மொத்தமும் மழையில் நனைந்துகொண்டு நின்றது.

தங்கவேல் செத்த வருஷம், ஆடி பிறந்ததும், அவன் பேரை நான்தான் அழித்தேன். ஒரு பட்டன். அடுத்த வரிசை மேலே ஏறிக்கொண்டது. அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அந்த வருஷம் ஜாத்திரையில் பிரபாவதி வாசல் தெளித்துக் கோலம் போட்டு, தாம்பாளத்தில் தேங்காய் பழத்தோடு நின்றிருந்தாள். பம்பைச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் கற்பூரத்தை ஏற்றிவிட்டாள். நான் பக்கத்து வீட்டுப் பேரைக் கூப்பிட்டேன். அடுத்து எதிர் வீட்டுப் பேரைக் கூப்பிட்டேன். கரகம் அவள் வாசலைத் தாண்டிப் போய்விட்டது. திரும்பிப் பார்த்தேன். கற்பூரம் அவள் கையில் எரிந்து எரிந்து அணைகிற வரைக்கும் அப்படியே நின்றிருந்தாள். அதன் பிறகு ஐந்து ஜாத்திரையிலும் அந்தக் கதவு சாத்தியே இருந்தது.

“கரகம் நிக்காத வூட்ட அம்மன் பார்க்கலன்னு அர்த்தம் இல்லண்ணா. அவ பார்க்கறா. நீங்கதான் நிக்கவிடாம ஓட்டிகினு போறீங்க” என்றாள், அந்தச் சனிக்கிழமை.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் அவள் மேலேயே காட்டினேன். “சும்மா இரும்மா. வரி இல்லாம வுட்டா சந்தோசப்படுவியா, அத்த வுட்டுட்டு...”

“அதாண்ணா சங்கதி. இந்தா, இதையும் படி.” அமெரிக்காவைப் பற்றிய இன்னொரு பக்கம். எங்களுக்குச் சபையில் இடம் இல்லையென்றால் உனக்கு வரியும் இல்லை என்று அந்த ஊர்க்காரர்கள் இங்கிலாந்து ராஜாவிடம் மல்லுக்கு நின்றிருக்கிறார்கள். “அவங்க வரி குடுக்க மாட்டேன்னு சண்ட போட்டாங்க. நான் குடுக்கறேன்னு சண்ட போடணும். வர்ற கூட்டத்துல கேக்கப் போறேன். என் பேரு பட்டியல்ல ஏறணும், என் வாசல்ல கரகம் நிக்கணும். வேற ஒண்ணும் வேணாம்.”

பைத்தியம் பிடித்துவிட்டது என்றே நினைத்தேன். வரி போடாதே என்று கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். வரி போடு என்று கேட்கிற ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆடி பிறந்த முதல் ஞாயிறு, ரேஷன் கடை வாசலில் ஊர்க்கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலி பத்து, மற்றவர்கள் தரையில் விரித்த பாயில். தர்மகர்த்தா கஜபதி நடுவில் உட்கார்ந்திருந்தார். எழுபது வயசு. வயலுக்குப் போனாலும் வெள்ளை வேட்டி. எனக்கும் மாமா முறை, பிரபாவதிக்கும் மாமா முறை. கெட்டவர் கிடையாது. யார் வீட்டுச் சாவுக்கும் முதல் ஆளாக நிற்பார். தங்கவேலைத் தூக்கிப் பாடையில் வைத்ததே அவர்தான். ஆனால் ஊர்க் கட்டுப்பாடு என்று வந்துவிட்டால் பாறை. அவர் அப்பா திருத்தணியைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி எல்லைப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனவர். அந்தப் பெருமையை எந்தப் பேச்சிலும் எப்படியாவது நுழைத்துவிடுவார். தமிழுக்காக ஜெயிலுக்குப் போன அந்த அப்பாவை இன்றைக்கும் ‘எங்க நைனா’ என்றுதான் சொல்வார். நைனா தெலுங்காயிற்றே என்று நாங்கள் கிண்டல் பண்ணினால் அடிக்க வருவார்.

வரி நிர்ணயம் ஆனது. துண்டை விரித்தார்கள். ஒவ்வொருவராகப் போய் வைத்தோம். தண்ணீர்த் தொட்டி ஓரமாகப் பெண்கள் நாலைந்து பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து பிரபாவதி நேராக நடந்து வந்து, துண்டின் மேல் நோட்டை வைத்தாள்.

“இன்னாம்மா இது?” என்றார் கஜபதி.

“வரி, மாமா.”

“உங்கிட்ட யாரும்மா கேட்டது? ஊரு உங்கிட்டல்லாம் கை நீட்டுமா? எடுத்துகினு போ கண்ணு.”

“கை நீட்டுங்க மாமா. ஆறு வருசமா நீட்டல, அத்தாலதான் கரகம் என் வாசல்ல நிக்கல. வரிய வாங்கிகினு என் பேர எழுதுங்க.”

யாரோ சிரித்தான். இன்னொருத்தன், “காலேஜு படிக்கறாங்கப்பா” என்றான். கஜபதி கையைக் காட்டி அடக்கினார். “இது நேத்து இன்னிக்கு வந்த கட்டுப்பாடு இல்லம்மா. இந்தக் கட்டுப்பாடு இருந்ததனாலதான் ஊரு ஒண்ணா நின்னுச்சு. எல்லைப் போராட்டத்துல எங்க நைனா ஜெயிலுக்குப் போனப்ப...”

“மாமா, அதுவும் எனக்குப் பாடத்துல வருது” என்றாள் பிரபாவதி. “உங்க நைனா ஜெயிலுக்குப் போனாரு, கையெடுத்துக் கும்புடறேன். ஆனா எல்லை பிரிச்சவங்க இன்னா பண்ணாங்க? ஊர் ஊரா மக்கள்தொகைக் கணக்க எடுத்து, தமிழ் பேசறவங்க எத்தினி பேரு, தெலுங்கு பேசறவங்க எத்தினி பேருன்னு பார்த்தாங்க. ஆம்பளைய மட்டுமா எண்ணுனாங்க? உங்க அம்மாவையும் எண்ணுனாங்க, எங்க மாமியாரையும் எண்ணுனாங்க, புருசன் செத்தவளையும் எண்ணுனாங்க. அவங்கள வுட்டுட்டு எண்ணியிருந்தா பாதி ஊருதான் கணக்குல வந்திருக்கும். இந்த ஊரு தமிழ்நாட்டுல சேர்றதுக்கு எண்ணலாம், ஜாத்திரைக்கு எண்ணக் கூடாதா?”

கஜபதி துண்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் தொண்டையைக் கனைத்து, “ஊரு இன்னா சொல்லுதோ அதான். இந்தப் பொண்ணு பேர எழுதலாம்னு சொல்றவங்க கை தூக்குங்க” என்றார்.

ஐம்பத்தெட்டு தலைக்கட்டில் நாலு கை எழுந்தது. என் கை எழவில்லை. தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தேன். அவள் வேறு யாரையும் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். மண்ணுக்குள் போய்விடலாமா என்றிருந்தது. ஆனாலும் கை வரவில்லை. எவ்வளவு கேவலம் பாருங்கள், எங்கோ இருக்கிற ராஜாவை எதிர்த்துப் பேசின பக்கங்களைக் கட்டுக் கட்டாய்க் காப்பி எடுத்த கை அது.

கஜபதிக்கே மனசு கேட்கவில்லை போல. முகம் மலர்ந்து ஒரு வழி சொன்னார். “சரிம்மா. உம் மனசு நோக வேணாம். தங்கவேலு பேரையே மறுபடி எழுதிடலாம். வரிய வாங்கிக்கலாம், கரகமும் நிக்கட்டும். இன்னாப்பா?”

“ஆங், அதுதான் சரி!” என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். இப்போது ஐம்பத்தெட்டு கையும் எழுந்தது. என்னுடையதும்.

“அவரு செத்துட்டாரு மாமா” என்றாள் பிரபாவதி.

“பேருதானம்மா.”

அவள் வந்த வழியே நடந்து போய்விட்டாள். நோட்டு துண்டின் மேலேயே இருந்தது.

அடுத்த சனிக்கிழமை கடைக்கு வந்தாள். வர மாட்டாள் என்று நினைத்திருந்தேன். ஒரு பக்கத்தை நீட்டி, “ஒரு காப்பி” என்றாள். முகம் கடுகடுவென்று இருந்தது.

“ஏமாத்திட்டானுங்கண்ணா.”

“யாரு, நம்ம ஊர்க்காரனுங்களா?”

“நம்ம ஊர்க்காரனுங்க கெடக்கறானுங்க. பிரான்ஸ்காரனுங்க!”

விஷயம் இதுதான். மனுஷனுக்கெல்லாம் ஒரே உரிமை என்று சாசனம் எழுதின அந்தப் புரட்சிக்காரர்கள் பெண்களை அதில் சேர்க்கவில்லை. பெண்ணுக்கும் உரிமை உண்டு என்று எழுதிவைத்த ஒரு அம்மாளின் தலையையும் வெட்டிவிட்டார்கள். அந்த தேசத்தில் பெண்களுக்கு ஓட்டு வர அதற்கப்புறம் நூற்றைம்பது வருஷத்துக்கும் மேல் ஆகியிருக்கிறது. “நமக்கெல்லாம் சுதந்திரம் வந்து மொத எலெக்சன்லயே ஓட்டு குடுத்தாங்கண்ணா. டில்லிக்கு ஆள் அனுப்ப என் விரல்ல மை வெக்கிறாங்க. கெங்கையம்மனுக்குத் தேங்கா ஒடைக்க மட்டும் செத்தவரு வரணும்.” தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கேட்டாள். “நீ ஏண்ணா கை தூக்கல?”

“பயம்மா.”

“யாருக்கு?”

யோசித்துப் பார்த்தேன். கஜபதி மாமா என்னை அடிக்கப் போவதில்லை. யாரும் ஊரைவிட்டுத் தள்ளப் போவதில்லை. “தெரிலம்மா” என்றேன். நிஜமாகவே தெரியவில்லை.

“பேர் போட்டுட்டியா?”

போட்டுவிட்டேன். போன வருஷத்து ஃபைலைத் திறந்து, நாற்பத்தி ஒன்றாவது வரிசையில் ‘தங்கவேல்’ என்று அடித்தாயிற்று. ஆறு வருஷத்துக்கு முன்னால் அழித்த அதே இடம். உயிரோடு இருக்கிறவளை விட்டுவிட்டு, செத்தவனைத் திரும்ப எழுப்பி உட்காரவைத்தேன். அதைச் சொன்னதும் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஜாத்திரையன்று நல்ல வெயில். கூழ் வார்த்து முடித்து, பத்து மணிக்குக் கரகம் குளத்திலிருந்து கிளம்பியது. பூசாரி சுந்தரமூர்த்தி தலையில் பூங்கரகம். அதைக் கோயிலில்தான் இறக்க வேண்டும், நடுவில் தரையில் படக் கூடாது. முன்னால் பம்பை, அதற்கு முன்னால் மைக்கோடு நான், பக்கத்தில் கஜபதி. மேலத் தெரு முடிந்து எங்கள் தெருவுக்குள் திரும்பினோம். தார் ரோடு கொதித்தது. பூசாரிக்குச் செருப்பு கிடையாது, வாசலுக்கு வாசல் பெண்கள் காலில் தண்ணீர் ஊற்றினார்கள்.

பிரபாவதி வீட்டுக் கதவு ஆறு வருஷத்துக்குப் பிறகு திறந்திருந்தது. கோலம் போட்டிருந்தாள். வாசலில் தாம்பாளத்தோடு நின்றாள். தேங்காய், பழம், வெற்றிலை, நடுவில் கற்பூரம். ஏற்றவில்லை.

நான் பட்டியலைப் பார்த்து, அதிலிருந்ததை வாசித்தேன். “தங்கவேல் தலைக்கட்டு!”

பம்பை நின்றது. பூசாரி நின்றார். அவள் ஒரு சொம்புத் தண்ணீரைப் பூசாரியின் காலில் ஊற்றிவிட்டு மறுபடி போய் நின்றுகொண்டாள். தீப்பெட்டி தாம்பாளத்திலேயே கிடந்தது.

“கொளுத்தும்மா” என்றார் கஜபதி.

“நானா? நீங்க என்னக் கூப்புடலியே. யாரக் கூப்புட்டீங்களோ அவரு வந்து கொளுத்தட்டும்.”

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. பேர் சொல்லியாகிவிட்டது, பம்பை நின்றுவிட்டது. இனி இந்த வீட்டுக் கற்பூரம் எரியாமல் கரகம் அசையாது. பட்டியலில் இருக்கிறவன் ஆறு வருஷமாகச் சுடுகாட்டில் இருக்கிறான்.

தங்கவேலின் தம்பி முருகவேல் முன்னால் வந்தான். “நான் கொளுத்தறேன், எங்கண்ணன் வூடுதானே.” பூசாரி கரகம் ஆடாமல் உதட்டை மட்டும் அசைத்தார். “உன் தலைக்கட்டுக்கு அங்க கொளுத்து. ஒரு கைக்கு ஒரு வாசல்தான். எனக்குக் கால் வேகுது, சீக்கிரம் எதுனா பண்ணுங்கப்பா.”

“இன்னாம்மா இது, அம்மன நிக்க வெச்சிகினு?” என்று பின்னாலிருந்து யாரோ கத்தினான்.

“நானா நிக்க வெச்சேன்? இந்த வாசல்ல அம்மன் நிக்கறதுக்கு நான் ஆறு வருசமா காத்துகினு கீறேன். நிக்கட்டும். எத்தினி நேரம் வேணா நிக்கட்டும்” என்றாள். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கக் கை இல்லை, தாம்பாளம் பிடித்திருந்தாள்.

கஜபதி என் பக்கம் திரும்பினார். “டேய் வீரபத்திரா, மைக்க வெச்சிகினு வேடிக்க பார்க்கற? கூப்புடுடா!”

“யார மாமா கூப்புடறது?”

வேண்டுமென்றே கேட்கவில்லை. ஆனால் கேட்டதும் அது சரியான கேள்வி என்று எனக்கே தோன்றியது. ஊர் மொத்தமும் அவரைப் பார்த்தது. அவர் பூசாரியின் காலைப் பார்த்தார், கரகத்தைப் பார்த்தார், அப்புறம் அவளைப் பார்த்தார். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. என் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டார். வாயருகே கொண்டுபோனவர் நிறுத்திவிட்டு, என் காதில் கேட்டார்.

“இந்தப் பொண்ணு பேரு இன்னாடா?”

அவள் இந்த ஊருக்கு மருமகளாக வந்து இருபத்தி நாலு வருஷம். கல்யாணத்தில் ஆசீர்வாதம் செய்தவர் அவர், சாவில் பாடை தூக்கியவரும் அவர். ‘தங்கவேல் பொண்டாட்டி’ என்பதற்கு மேல் அவருக்குத் தேவைப்பட்டதே இல்லை.

“பிரபாவதி, மாமா.”

“பிரபாவதி தலைக்கட்டு!” ஸ்பீக்கரில் அவர் குரல் ஏரிக்கரை வரைக்கும் போயிற்று.

அவள் தாம்பாளத்தைப் படியில் வைத்துவிட்டுத் தீக்குச்சியை உரசினாள். முதல் குச்சி அணைந்தது, இரண்டாவது பிடித்தது. கற்பூரம் எரிந்ததும் பம்பைக்காரர்கள் யாரும் சொல்லாமலே முழக்கினார்கள். தாம்பாளத்தை எடுத்துக் கரகத்துக்கு மூன்று சுற்றுச் சுற்றிக் காட்டினாள். அப்புறம் தாம்பாளத்தைக் கஜபதியிடம் நீட்டினாள். அவர் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கு மூக்கை உறிஞ்சிக்கொள்ள வேண்டியிருந்தது. வெயில்.

கரகம் நகர்ந்தது. மைக் என் கைக்குத் திரும்பி வந்தது. நாலு வீடு தள்ளி குப்பம்மாள் வீடு. கூலி வேலைக்குப் போகிறவள், அறுபது வயசு இருக்கும். புருஷன் செத்துப் பதினோரு வருஷம். என் பட்டியலில் பேரே கிடையாது. ஸ்பீக்கர் சத்தம் கேட்டு வெளியே வந்தவள், சட்டென்று உள்ளே ஓடிப்போய்ச் சோறு உண்கிற சில்வர் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். தட்டில் ஒரே ஒரு கற்பூரக் கட்டி. வேறு ஒன்றும் இல்லை.

நான் பட்டியலைப் பார்த்தேன். அதற்குப் பிறகு பார்க்கவில்லை, மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டேன். கஜபதி மாமா முகத்தையும் பார்க்கவில்லை. பார்த்தால் பயம் வந்துவிடும்.

“குப்பம்மாள் தலைக்கட்டு!”

பம்பை நின்றது. பூசாரி நின்றார். குப்பம்மாள் தட்டைப் பார்த்தாள், இடுப்பைத் தடவினாள், முகம் வெளிறிப்போனது. “அய்யய்யோ, நெருப்புப் பெட்டி எடுக்கலியேப்பா!”

கஜபதி மாமா மடியை அவிழ்த்து, பீடிக்கு வைத்திருந்த தீப்பெட்டியை எடுத்து அவளிடம் நீட்டினார்.